துப்பாக்கியின் பிறந்த ஆண்டு

என்னுடன் தொழிற்சாலையில் இரவுவேலை செய்யும் ஜேர்மன்காரர் ஒருவர், இறந்துபோன தாயாரின் வீட்டுப் பரணில் பழைய கைத்துப்பாக்கி ஒன்றைக் கண்டெடுத்தார். சட்டப்படி உடனே பொலிசுக்கு அறிவித்தார். அவர்கள் எடுத்துச் செல்லுமுன் பிடித்த சில புகைப்படங்களை இடைவேளையில் என்னிடம் நீட்டினார். "நீர் சரித்திரம் படிப்பித்தவர்தானே, இது எந்தக் காலத்தது?" என்று கேட்டார். பாட்டனார் முதலாம் உலக யுத்தத்திலிருந்து கொண்டுவந்தது என்பதும், இரண்டாம் யுத்தத்தில் அவர் ஆயுதமே தொடவில்லை என்பதும் அந்தக் குடும்பம் சொல்லிவந்த கதை.

படத்திலிருந்தது லூகர் எனப்படும் பி-08. 1908இல் ஜேர்மன் தரைப்படை ஏற்றுக்கொண்ட இத்துப்பாக்கி 1942வரை அப்படைக்காகத் தயாரிக்கப்பட்டது. இக்காலத்தில் தோற்றம் பெரிதும் மாறவில்லை. எனவே வடிவத்தைக் கொண்டு வயது சொல்ல முடியாது, பொறிப்புகளையே வாசிக்கவேண்டும். மேற்புறத்தில் முழங்கால்போல மடியும் இணைப்பில் செய்தவரின் அடையாளமும், அதற்கு முன்னாலுள்ள ரவை அறையின்மேல் ஆண்டும் இருக்கும்.

முதலாம் யுத்தகாலத் துப்பாக்கியாயின், பின்னிய எழுத்துகளாக டி.டபிள்யூ.எம். நிறுவனத்தின் முத்திரையோ, முடிச்சின்னத்துடன் எர்ஃபூர்ட் என்ற பெயரோ காணப்படும். ஆண்டு 1917 என்பதுபோல முழுமையாக இருக்கும். அதனுடன் 1920 என்றும் பொறித்திருந்தால் ஏமாறக்கூடாது. அது செய்த ஆண்டல்ல. யுத்தத்தின்பின் மக்களிடம் சிதறிக்கிடந்த ஆயுதங்களிலிருந்து அரசுடைமையைப் பிரித்தறிய இட்ட அடையாளம்.

நாஜிகள் ஆட்சிக்கு வந்தபின் பொறிப்புகளே மறைக்கத் தொடங்கின. வெர்சாய் உடன்படிக்கையை மீறி ஆயுதம் குவித்ததால், ஓபெர்ண்டோர்ஃப் நகரத்து மௌசர் தன் பெயருக்குப் பதிலாக எஸ்/42 என்று பொறித்தது. 1934ஐ 'கே' என்ற எழுத்தும் 1935ஐ 'ஜி' என்ற எழுத்தும் குறித்தன. 1936இலிருந்து ஆண்டு வெளிப்படையாக வந்தது. செய்தவரின் பெயர் வரவில்லை. 1941இல் மௌசரின் குறியீடு பி.வை.எஃப். ஆயிற்று, ஆண்டும் இரண்டு இலக்கமாகச் சுருங்கியது.

நண்பரின் படத்தில் இருந்தவை பி.வை.எஃப்., 41.

பாகங்கள் மாற்றப்பட்டிருக்கலாம் என்பதால் தொடரிலக்கத்தையும் பார்த்தேன். குழலிலும் உடலிலும் ஒரே இலக்கம். படத்தில் தெரிந்த சிறுபாகங்களில் அதன் கடைசி இரு இலக்கங்கள். எல்லாம் பொருந்தின. முதலாம் யுத்தம் முடிந்து இருபத்துமூன்று வருடங்களின்பின் பிறந்த துப்பாக்கி அது.

"அப்படியென்றால் பாட்டனார்…?" என்றார். எங்கே, எப்போது செய்யப்பட்டது என்பதைத்தான் இரும்பு சொல்லும். யார் சுமந்தார், யாரைச் சுட்டார் என்பதைச் சொல்லாது என்றேன். 1945இல் தோற்ற படை கைவிட்டுப்போன ஆயுதத்தை யாரும் பொறுக்கியிருக்கலாம். பாட்டனார் படையில் இருந்தாரா என்பதை அறிய வேறு சான்று வேண்டும். முன்னைநாள் படையினரின் பதிவுகள் 2019இலிருந்து ஜேர்மன் கூட்டாட்சி ஆவணக்காப்பகத்தின் பொறுப்பில் உள்ளன, உறவினர் விண்ணப்பிக்கலாம்.

படிவத்தை நானே எடுத்துக் கொடுத்தேன். அவர் இன்னும் நிரப்பவில்லை.

அவரைக் குறைசொல்ல எனக்கு வாய் வரவில்லை. எங்கள் யுத்தத்தைப் பற்றி நாங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிவைத்திருக்கும் கதைகளை, நாளை யாராவது பொறிப்புகளோடு ஒப்பிட்டுப் பார்த்தால் எத்தனை தேறும்?