ஸ்டியரிங்ல பிளேயா? பாக்ஸைத் தொடுறதுக்கு முன்னாடி ஷாஃப்டைப் பாருங்க

இந்த எபிசோடுக்குக் காரணம் கீழ்புத்துப்பட்டிலிருந்து வந்த ஒரு வாய்ஸ் நோட். நேயர் பழைய மாருதி ஜிப்ஸி வெச்சிருக்கார். ஈ.சி.ஆர்.ல நேராப் போகும்போதே ஸ்டியரிங்கை நாலு விரல் அளவு ஆட்டினாதான் டயர் அசையுதாம். பாக்ஸை டைட் வெச்சுப் பார்த்தாச்சு. இப்போ ஸ்டியரிங் இறுக்கமாவும் ஆயிடுச்சு, பிளேயும் போகலைங்கிறார்.

ஜிப்ஸி 1985-ல வந்த வண்டி, 1996-ல 1.3 லிட்டர் இன்ஜினோட 'கிங்' ஆச்சு. நீங்க பிடிக்கிற ஸ்டியரிங்குக்கும் சேஸிஸ்ல இருக்கிற ஸ்டியரிங் பாக்ஸுக்கும் நடுவுல ஒரு சின்ன ஷாஃப்ட் இருக்கு. அதுல யுனிவர்சல் ஜாயின்ட், நம்ம ஒர்க்‌ஷாப் பாஷையில 'கிராஸ்'. பல வண்டியில கூடவே ஒரு ரப்பர் கப்ளிங்கும் இருக்கும். எல்லாம் இன்ஜின் சூட்டுக்கும் சக்கரம் அடிக்கிற தண்ணிக்கும் நடுவுல தொங்குது.

மரக்காணம் பக்கம் இதுக்கு இன்னொரு எதிரி, உப்பு. காத்துல ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினா, இரும்பு மேல படிஞ்ச உப்பு தானே தண்ணியை இழுத்துக் கரைசலா மாறும். கடலோரத்துல ராத்திரி நேரம் பெரும்பாலும் அப்படித்தான். அதனால மழையே பெய்யாட்டியும் துரு நிக்காது. கிராஸ் கப்புக்குள்ள இருக்கிற ஊசி பேரிங்ல கிரீஸ் போய்த் துரு ஏறினா, ஒண்ணு ஜாயின்ட் இறுகும், இல்ல தேஞ்சு ஆடும். இதுல உப்பு போர் தண்ணியிலயே வண்டி கழுவுறவங்களை என்ன சொல்றது!

சரி, எப்படிக் கண்டுபிடிக்கிறது? கோட்ல பக் தேடுற மாதிரிதான், நடுவுல வெட்டிப் பார்க்கணும். இன்ஜினை ஆஃப் பண்ணுங்க, டயர் தரையிலயே இருக்கட்டும். ஒருத்தர் ஸ்டியரிங்கை லேசா இடது வலது ஆட்டட்டும். நீங்க பானெட்டைத் தூக்கிட்டு ஜாயின்ட் மேல கை வைங்க. மேல் பக்கம் திரும்பி, கீழ் பக்கம் திரும்பலைன்னா பிளே அங்கேதான். ரெண்டும் சேர்ந்து திரும்பியும் பாக்ஸோட பிட்மேன் ஆர்ம் அசையலைன்னா, அப்போ பாக்ஸ். அதுவும் அசைஞ்சு டயர் மட்டும் அசையலைன்னா ராட் எண்ட், கிங்பின் பக்கம் போங்க.

இறுக்கத்துக்கு வேற டெஸ்ட். முன் சக்கரத்தை ஜாக்கில தூக்கி, ஸ்டாண்ட் வெச்சு, மெதுவாச் சுத்துங்க. ஒரு முழுச் சுத்துக்கு ரெண்டு இடத்துல பிடிச்சுப் பிடிச்சு விட்டா கிராஸ் இறுகியிருக்கு. நடு பொசிஷன்ல மட்டும் இறுகி, வளைவுல திருப்பின ஸ்டியரிங் தானா திரும்பி வரலைன்னா, பாக்ஸ் ஸ்க்ரூவை அளவுக்கு மேல டைட் வெச்சிருக்காங்க. பாக்ஸ்ல பல்லு உக்காருறது நடுவுலதான் நெருக்கம். ஷாஃப்ட் பிளேயை அந்த ஸ்க்ரூவால எடுக்கவே முடியாது, பாக்ஸ்தான் தேயும்.

மாத்தும்போது சக்கரம் நேரா இருக்கட்டும். ஷாஃப்ட்லயும் பாக்ஸ்லயும் பெயின்ட்ல ஒரே கோடு போடுங்க. கிளாம்ப் போல்ட்டை லூஸ் பண்ணா மட்டும் பத்தாது, முழுசா வெளிய எடுக்கணும். அது பல்லுல வெட்டின பள்ளத்துக்குள்ள போய்ப் பிடிச்சிருக்கும். துருப்பிடிச்சு வரலைன்னா ஆயில் அடிச்சு ஒரு ராத்திரி விடுங்க. சுத்தியல் வேண்டாம், அந்த அடி நேரா பாக்ஸ் பேரிங்ல இறங்கும்.

புது ஷாஃப்ட்ல ரெண்டு கிராஸ் இருந்தா ரெண்டோட கவையும் ஒரே திசையில இருக்கணும். 30 டிகிரி சாய்வுல ஒத்தை கிராஸ், ஒரே சுத்துக்குள்ள சில இடத்துல 15 சதவீதம் வேகமாவும் சில இடத்துல 13 சதவீதம் மெதுவாவும் திருப்பும். சாய்வு சமமா இருந்து கவையும் நேரா இருந்தா, ரெண்டாவது கிராஸ் இதைச் சரி பண்ணிடும். மாத்தி மாட்டினா தப்பு டபுள் ஆகும்.

ஆடுற ஜாயின்ட்டை வெல்டு வெச்சு ஓட்டுறதை நான் ஒத்துக்கவே மாட்டேன். சூடுபட்ட இரும்பு சொல்லாமக் கொள்ளாம உடையும். போல்ட் விழுந்து ஷாஃப்ட் பல்லை விட்டுக் கழண்டாலும் அதே கதைதான்: கையில ஸ்டியரிங் சுத்தும், வண்டி தன் போக்குல போகும். அதனால புது போல்ட், நைலான் லாக் நட், மேனுவல்ல இருக்கிற டார்க் அளவு. 100 கிலோமீட்டர் ஓடினதும் இன்னொரு தடவை ஸ்பேனர் வெச்சுப் பாருங்க.

கீழ்புத்துப்பட்டு நண்பரே, முதல்ல அந்தக் கை வைக்கிற டெஸ்ட். போல்ட் ஆடுச்சுன்னா வண்டியை எடுக்காதீங்க, மெக்கானிக்கை வீட்டுக்கு வரச் சொல்லுங்க.