சாமி கும்பிடுபவரும் கும்பிடாதவரும் ஒரே வீட்டில்... சண்டை வராமல் இருக்க என்ன வழி?

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணி. விளக்கேற்றிவிட்டு விபூதித் தட்டோடு ஹாலுக்கு வருகிறார் அம்மா. "இதெல்லாம் எதுக்கும்மா?" என்று முனகிக்கொண்டே நெற்றியைக் காட்டுகிறான் மகன். மருமகள் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிறவர். அவரிடம் தட்டை நீட்டலாமா, வேண்டாமா என்று அம்மாவுக்குக் கல்யாணம் ஆன நாளிலிருந்தே குழப்பம். அப்பாவோ டிவி சத்தத்தைக் குறைக்கக்கூட இல்லை. இதில் ஒரு காட்சியாவது உங்கள் வீட்டில் நடக்கிறதா? அப்படியென்றால் மேலே படியுங்கள்.

மத நல்லிணக்கம் என்றதும் நமக்கு மேடையில் மூன்று மதப் பெரியவர்கள் கைகோத்து நிற்கும் போட்டோதான் ஞாபகம் வரும். ஆனால், இன்றைக்கு நிஜமான பரீட்சை நடப்பது மேடையில் இல்லை, சமையலறையில். வேறு மதத்தில் கல்யாணம் செய்தவர்கள் வீட்டில் மட்டும்தான் இது என்று நினைக்காதீர்கள். ஒரே மதம், ஒரே குடும்பம்தான். அதிலேயே பெரியப்பா குலதெய்வத்துக்குக் கிடா வெட்டுவார். சித்தப்பா வள்ளலார் வழிக்குப் போய் அசைவத்தையே விட்டிருப்பார். அக்கா மேல்மருவத்தூருக்குச் சிவப்புச் சேலை கட்டுவார், அண்ணன் வியாழக்கிழமையானால் சாய்பாபா கோயில் வரிசையில் நிற்பார். காலேஜ் படிக்கிற கடைக்குட்டிக்கு எதிலுமே நம்பிக்கை கிடையாது. இவர்கள் எல்லோரும் பொங்கலுக்கு ஒரே பந்தியில் உட்கார வேண்டும்!

வாதம் ஏன் வேலைக்காவதில்லை?

'உண்மையை எடுத்துச் சொன்னால் புரிந்துகொள்வார்கள்' என்று இரண்டு பக்கமும் நினைப்பதுதான் முதல் சிக்கல். நம்பிக்கை பெரும்பாலும் வாதத்தில் ஜெயித்து உள்ளே வந்ததில்லை. குழந்தைக்கு நடுராத்திரியில் காய்ச்சல் ஏறியபோது, வீட்டுக்காரர் வேலை இழந்தபோது, ஸ்கேன் ரிப்போர்ட்டுக்காகக் காத்திருந்தபோது, கையில் பிடித்துக்கொள்ள ஏதோ ஒன்று தேவைப்பட்டது. அன்றைக்குக் கிடைத்தது ஒரு மஞ்சள் துணியில் முடிந்த ஒரு ரூபாய்க் காசு. அந்தக் காசைப் பார்த்து 'மூடநம்பிக்கை' என்று நீங்கள் சொல்லும்போது அம்மாவின் காதில் விழுவது வேறு. 'நீ அன்றைக்குப் பட்ட கஷ்டமும் பொய், அழுததும் பொய்' என்பதுதான் அது.

எதிர்ப்பக்கமும் இதே கதைதான். மருமகளுக்குக் கருக்கலைந்து போயிருக்கிறது. ஆறுதல் சொல்ல வந்த அத்தை, "குலதெய்வத்துக்குச் செய்யாம விட்டதுதான்..." என்று இழுக்கிறார். அவர் அக்கறையில்தான் சொல்கிறார். ஆனால், கேட்பவருக்கு அது குற்றப்பத்திரிகை. நம்பிக்கை இல்லாதவர் மீது 'சாமி குத்தம்' என்று சொல்வதும், நம்பிக்கை உள்ளவரை 'முட்டாள்' என்று சொல்வதும் ஒரே அடிதான். பிரம்பு மட்டும் வேறு.

ஆகவே, 'கடவுள் உண்டா, இல்லையா' என்ற பஞ்சாயத்தைச் சாப்பாட்டு மேஜைக்குக் கொண்டுவராதீர்கள். 'இது உங்களுக்கு எப்போ ஆரம்பிச்சது?' என்று கேட்டுப்பாருங்கள். கேலியாக இல்லை, நிஜமாகவே கேளுங்கள். பெரும்பாலும் உங்களுக்குத் தெரியாத ஒரு குடும்பக் கதை வெளியே வரும். எங்கள் பாட்டி செவ்வாய்க்கிழமை விரதம் இருப்பதற்கான காரணத்தை நான் இப்படித்தான் தெரிந்துகொண்டேன். முருகனைவிட அதில் தாத்தாவின் ஆபரேஷனுக்குத்தான் பங்கு அதிகம்.

பெரியாரும் ராஜாஜியும் பேசிக்கொண்டது எப்படி?

'கொள்கையில் விட்டுக்கொடுக்காமல் எப்படி அன்பாக இருக்க முடியும்?' என்று கேட்பவர்களுக்குத் தமிழ்நாட்டில் இதைவிடப் பெரிய உதாரணம் கிடையாது. 1953-ல் பெரியார் பிள்ளையார் சிலை உடைப்புப் போராட்டம் நடத்துகிறார். அப்போது முதலமைச்சராக இருந்தவர் ராஜாஜி. அவர் கொண்டுவந்த கல்வித் திட்டத்தைக் 'குலக்கல்வி' என்று சொல்லி எதிர்த்தவர்களில் முன்னால் நின்றவர் பெரியார். ராமாயணத்தைப் பெரியார் கிழிகிழியென்று கிழிக்க, ராஜாஜியோ அதே ராமாயணத்தை 'சக்கரவர்த்தித் திருமகன்' என்று கல்கியில் எழுதினார். பொதுவெளியில் ஒருவர் மீது ஒருவர் எந்தக் கருணையும் காட்டவில்லை.

ஆனால், 1949-ல் மணியம்மையைத் திருமணம் செய்வது பற்றி யோசித்தபோது பெரியார் திருவண்ணாமலைக்குப் போய்ச் சந்தித்தது ராஜாஜியைத்தான். ராஜாஜி 1972 டிசம்பர் 25-ல் காலமானார். 93 வயதுப் பெரியார் சக்கர நாற்காலியில் வந்து, எரியூட்டும் இடத்தில் அழுதார். அடுத்த வருடம் டிசம்பர் 24-ல் அவரும் போய்ச் சேர்ந்தார்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. இருவருமே நட்புக்காகக் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை, மாற்றிக்கொண்டதுபோல நடிக்கவும் இல்லை. 'எல்லாச் சாமியும் ஒண்ணுதான்' என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லி முடிப்பது நம் ஊரில் ஒரு பழக்கம். சொல்கிறவருக்கு அது பெருந்தன்மையாகத் தெரியும். ஆனால், தன் மார்க்கத்தை மட்டுமே உண்மை என்று நம்பும் ஒருவரையோ, எதையும் நம்பாத ஒருவரையோ அது கணக்கிலேயே எடுத்துக்கொள்வதில்லை. ஒன்றாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்று ஏற்பதுதான் கஷ்டம்.

சொல்லப்போனால், 'சகிப்புத்தன்மை' என்ற வார்த்தையே எனக்குக் கொஞ்சம் உறுத்தும். பல்வலியைச் சகித்துக்கொள்வதுபோல மாமனாரைச் சகித்துக்கொள்வதா என்ன?

கிண்டல் செய்யலாமா?

தாராளமாகச் செய்யலாம். சாமியைக் கிண்டல் செய்வது வெளியூரிலிருந்து இறக்குமதியான பழக்கம் இல்லை, நம் பக்தி மரபிலேயே அது இருக்கிறது. கல்யாணப் பந்தலில் தன்னைத் தடுத்த கிழவரைப் பைத்தியக்காரன் என்று திட்டியவர் சுந்தரர். வந்தது சிவன் என்று தெரிந்த பிறகு அந்தத் திட்டையே முதல் வார்த்தையாக வைத்துப் பாடினார் என்கிறது பெரியபுராணம். அவருக்குத் 'தம்பிரான் தோழர்' என்றே பட்டம். சிவனைத் தன் காதலுக்குத் தூது போகவே அனுப்பியவர் அவர்! காளமேகப் புலவரோ திட்டுவதுபோலப் புகழ்வதில் மன்னன். இதற்கு 'நிந்தாஸ்துதி' என்று தனிப் பெயரே உண்டு. முல்லா நஸ்ருதீன் கதைகளைக் கேட்டுச் சிரிக்காத ஊர் ஏது?

அப்படியென்றால் வீட்டில் ஏன் சண்டை வருகிறது? சுந்தரர் திட்டியது அவருடைய சாமியை. உரிமை இருந்தது, திட்டினார். தன் விரதத்தைத் தானே கிண்டல் செய்யும் அத்தை ("ஏகாதசி விரதம்டி, ரெண்டு தட்டு உப்புமாதான் சாப்பிட்டேன்") எல்லோரையும் சிரிக்கவைப்பார். அதையே மருமகன் சொன்னால் மறுநாள் காபி ஆறிப்போய்த்தான் வரும். அதனால், முதலில் உங்கள் பக்கத்தைக் கிண்டல் செய்து ஆரம்பியுங்கள். நாத்திகர்களுக்கும் கைவசம் சரக்கு உண்டு. எனக்குத் தெரிந்த ஒரு பகுத்தறிவு அண்ணன், ஆயுதபூஜை அன்று தன் பைக்குக்கு யாரும் பொட்டு வைக்கவில்லை என்று கோபித்துக்கொண்டார். "எனக்கு நம்பிக்கை இல்லைதான், வண்டிக்கு இருக்கலாம்ல?" என்றார். அந்த வீட்டில் இன்றுவரை அதுதான் ஆயுதபூஜை ஜோக்.

இன்னொன்று, யார் முன்னால் சொல்கிறோம் என்பது. வீட்டில் பத்துப் பேர் ஒரு நம்பிக்கை, ஒருவர் மட்டும் வேறு என்றால், அந்த ஒருவரைப் பற்றிய ஜோக் ஜோக்கே இல்லை. அவர் சிரிப்பார்தான், வேறு வழி? குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் அடுத்தவர் மதத்தைப் பற்றி வரும் ஃபார்வேர்டும் இதே ரகம். அதில் உங்கள் மருமகளும் இருக்கிறார் என்பதை அனுப்பும் முன் ஒருமுறை நினைத்துப் பாருங்கள்.

படைப்பதற்கு முன் ஒரு பங்கு

தத்துவத்தில் தீராதது தட்டில் தீரும். படைத்த உணவைச் சாப்பிடக் கூடாது என்பது பல இஸ்லாமியர்கள், கிறிஸ்தவர்களின் நம்பிக்கை. உங்களை அவமதிக்க அவர்கள் மறுக்கவில்லை. இது தெரிந்த குடும்பங்களில் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் பலகாரத்தைச் சாமிக்கு வைப்பதற்கு முன்பே அவர்களுக்கான பங்கைத் தனியாக எடுத்துவிடுவார்கள். சைவம் சாப்பிடும் நண்பர் வருகிறார் என்று ரம்ஜானுக்குப் புதுப் பாத்திரத்தில் தனியாகச் சமைக்கும் பாய் வீடுகளும் உண்டு. யாரும் யாரிடமும் விளக்கம் கேட்பதில்லை. விபூதித் தட்டோடு நிற்கும் நம் அம்மாவுக்கும் இதுதான் பதில். ஒருமுறை மருமகளிடமே கேட்டுவிடுங்கள். 'வேண்டாம்' என்றால், ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் திரும்பக் கேட்காதீர்கள்.

ஆறுதல் தேடும்போது நம் மக்கள் எல்லையைப் பெரிதாகப் பார்த்ததும் இல்லை. மாலைத் தொழுகை முடியும் நேரத்தில் பள்ளிவாசல் வாசலில் கைக்குழந்தையோடு நிற்கும் இந்து அம்மாக்களைப் பார்த்திருப்பீர்கள். தொழுதுவிட்டு வருபவர் ஓதி ஊதிவிட்டுப் போவார். அந்தக் குழந்தை எந்த மதம் என்று கேட்க மாட்டார். நாகூர் தர்காவின் 131 அடி உயரப் பெரிய மினாரைக் கட்டிக்கொடுத்தவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப் சிங். அங்கும் வேளாங்கண்ணியிலும் மொட்டை போட்டுக்கொள்பவர்களில் இந்துக்கள் எத்தனையோ பேர்.

இங்கே மட்டும் சிரிக்காதீர்கள்

எல்லாவற்றையும் அனுசரித்துப் போங்கள் என்று சொல்ல முடியாது. ஆஸ்பத்திரிக்குப் போவதை நிறுத்திவிட்டு மந்திரிக்கப் போவது, டாக்டர் கொடுத்த மாத்திரையைப் பிரார்த்தனைக்காக விடுவது, மாதவிலக்கு நாளில் மருமகளைத் தனியே உட்காரவைப்பது, பரிகாரம் என்று கடன் வாங்கிச் செலவழிப்பது... இவை அடுத்தவர் உடம்பையும் பணத்தையும் தொடுகின்றன. இங்கே மரியாதைக்காக வாயை மூடிக்கொள்ளத் தேவையில்லை. மந்திரித்துவிட்டு ஆஸ்பத்திரிக்கும் போனால் யாருக்கும் நஷ்டமில்லை. 'அதுவும் இதுவும்' என்று கேட்டால் பெரியவர்கள் பலர் ஒப்புக்கொள்வார்கள். 'இதை விடு' என்றால்தான் பிடிவாதம் வரும்.

கலப்புத் திருமணம் செய்பவர்கள் சில விஷயங்களை முன்பே பேசிவிடுவது நல்லது. யாரும் மதம் மாறாமல் கல்யாணம் செய்துகொள்ள 1954-ம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம் இருக்கிறது. நோட்டீஸ் கொடுத்து 30 நாள் காத்திருக்க வேண்டும், பதிவின்போது மூன்று சாட்சிகள் வேண்டும். குழந்தை பிறந்த பிறகு பெயர், காதுகுத்து, ஞானஸ்நானம் என்று இரண்டு பக்கத்துப் பாட்டிகளும் கிளம்பிவிடுவார்கள். அதற்குமுன் நீங்கள் இருவரும் ஒரு முடிவுக்கு வந்திருங்கள். பள்ளிச் சான்றிதழில் சாதி, மதம் என்ற இடத்தைக் காலியாக விடவும் தமிழ்நாட்டில் அரசாணை உண்டு. ஆனால், இட ஒதுக்கீட்டுக்குச் சாதிச் சான்றிதழ் தேவை என்பதையும் சேர்த்தே யோசியுங்கள்.

யாரும் பேச விரும்பாதது கடைசிக் காரியம். 'எனக்குச் சடங்கு எதுவும் வேண்டாம், உடலைத் தானம் செய்யணும்' என்று வாழ்நாளெல்லாம் சொன்னவரின் வாசலில் கடைசியில் பந்தமும் நெய்யும் தயாராக இருக்கும். 'என்னை முறைப்படி அனுப்பிவை' என்று கேட்ட அம்மாவுக்கு, நம்பிக்கை இல்லாத மகன் கொள்ளி வைக்க மறுப்பதும் நடக்கிறது. போகிறவரின் விருப்பத்தைச் செய்து முடிப்பதால் செய்கிறவரின் கொள்கை கெட்டுவிடாது என்பது என் கட்சி. மகன் நெருப்பு வைத்துவிட்டு வந்து தன் வேலையைப் பார்க்கலாம். மனைவி உடலை மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பிவிட்டு, தன் நிம்மதிக்காகப் பதினாறாம் நாள் வீட்டில் விளக்கேற்றலாம்.

ஆனால், அந்த நேரத்தில் பேசி முடிவெடுக்க அவகாசம் இருக்காது. கண்தானம் என்றால் இறந்து ஆறு மணி நேரத்துக்குள் எடுத்தாக வேண்டும். நீங்கள் எழுதிக் கையெழுத்தே போட்டிருந்தாலும், வீட்டார் 'வேண்டாம்' என்றால் பெரும்பாலும் நடக்காது. அதனால், எதை விரும்புகிறீர்களோ அதை ஒரு பேப்பரில் எழுதுங்கள். வீட்டிலேயே உங்கள் கருத்துக்கு நேர் எதிரான ஆளிடம் அதைப் படித்துக்காட்டுங்கள். பீரோவில் எந்தத் தட்டில் வைத்திருக்கிறீர்கள் என்பதையும் அவரிடமே சொல்லிவிடுங்கள்.