புற்றுநோய்ச் சிகிச்சையும் தோல் பராமரிப்பும்: பள்ளியில் நாம் அறிய வேண்டியவை

புற்றுநோய்ச் சிகிச்சையை முடித்துக்கொண்டோ, சிகிச்சையின் இடையிலோ பள்ளிக்கு வருபவர்களை இப்போது பல ஊர்களில் காண்கிறோம். ஓரிடத்தில் அவர் மாணவர். இன்னோரிடத்தில் நம்முடன் பணியாற்றும் ஆசிரியர். மருந்து, ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எல்லாம் மருத்துவமனைக்குள் முடிந்துவிடுகின்றன. உதிர்ந்த முடியும் கறுத்த நகமும் உரிந்த உள்ளங்கையும் அவருடன் வகுப்பறைக்கு வருகின்றன. மற்றவர்கள் முதலில் பார்ப்பதும், கேள்வி கேட்பதும் அவற்றைப் பற்றித்தான்.

எங்கள் பள்ளியில் மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்று மீண்டும் பணிக்குத் திரும்பிய ஆசிரியை ஒருவர் இருக்கிறார். "ஊசி வலியைக்கூடத் தாங்கிட்டேன் டீச்சர், எல்லாரும் என் கையையே பார்த்ததுதான் தாங்க முடியல" என்று ஒருநாள் சொன்னார். அவரிடம் கேட்டறிந்தவற்றையும், மருத்துவமனைகள் நோயாளிகளுக்குத் தரும் அறிவுரைகளைப் படித்து அறிந்தவற்றையும் அறிவியல் ஆசிரியர் என்ற முறையில் இங்கே தொகுத்திருக்கிறேன். தோலைப் பேணுவது சிகிச்சையின் ஒரு பகுதி. அதற்குப் பள்ளியின் ஒத்துழைப்பும் தேவை.

தோலில் ஏன் தெரிகிறது?

செல் பிரிதல் பாடத்தில் இதற்கான விடை இருக்கிறது. புற்றுநோய்ச் செல்கள் கட்டுப்பாடின்றி வேகமாகப் பிரிபவை. கீமோதெரபி மருந்துகளில் பல, வேகமாகப் பிரியும் செல்களைத் தாக்குகின்றன. நம் உடலில் இயல்பாகவே வேகமாகப் பிரியும் செல்கள் முடியின் வேர்ப்பகுதியிலும், நகத்தின் அடியிலும், வாயின் உட்புறத்திலும், தோலின் அடிவரிசையிலும் உள்ளன. மருந்து அவற்றையும் தாக்குவதால்தான் முடி உதிர்கிறது, வாய் புண்ணாகிறது, தோல் வறள்கிறது.

பொதுவாக, மருந்து தொடங்கிய இரண்டு மூன்று வாரங்களில் முடி உதிரத் தொடங்கும். புருவமும் இமை முடியும்கூட உதிரலாம். சிகிச்சை முடிந்த சில மாதங்களில் பெரும்பாலானவர்களுக்கு மீண்டும் வளரும்; முதலில் சுருளாகவோ வேறு நிறத்திலோ வளர்வதும் உண்டு. ஸ்டீராய்டு எடுத்துக்கொள்ளும் குழந்தைகளுக்கு முகம் உப்பிப் பருக்கள் வரும். அதைப் பார்த்து "உடம்பு தேறிட்டியே" என்று சொல்வது அந்தக் குழந்தைக்கு மகிழ்ச்சி தராது.

இவற்றில் எதுவும் தொற்றக்கூடியது அல்ல. வெளியிலிருந்து கருவி மூலம் கதிர்வீச்சு பெற்றவரின் உடலில் கதிர்வீச்சு தங்குவதும் இல்லை. பக்கத்தில் உட்காரலாம், கை கோக்கலாம், தாராளமாகச் சேர்ந்து விளையாடலாம். விளையாட்டில் அவருக்கு அடிபடாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

அன்றாடப் பராமரிப்பு

இதற்கு விலை உயர்ந்த பொருள்கள் தேவையில்லை. வெந்நீரைத் தவிர்த்து வெதுவெதுப்பான நீரில் சிறிது நேரம் குளிப்பது, வாசனை குறைந்த மென்மையான சோப்பு, துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுப்பது, ஈரம் காயும் முன் வாசனையற்ற மாய்ச்சரைசர் பூசுவது ஆகியவை போதும். தலைக்குப் பருத்தித் துணி நல்லது. வெயிலில் குடை, முழுக்கைச் சட்டை, சன்ஸ்கிரீன் வேண்டும். சில மருந்துகளை எடுத்துக்கொள்ளும்போது சற்று நேர வெயிலே தோலைக் கறுக்கவோ கன்றிப்போகவோ செய்துவிடும்.

கேப்சிடபின் போன்ற மருந்துகளால் உள்ளங்கையும் உள்ளங்காலும் சிவந்து, எரிந்து, உரியக்கூடும். இதைக் ‘கை-கால் நோய்க்குறி’ என்கின்றனர். அழுத்தமும் உராய்வும் சூடும் இதை அதிகமாக்கும். சாக்பீஸ் பிடித்து எழுதுவதும், டஸ்டரால் அழிப்பதும் அந்த நாட்களில் அந்த ஆசிரியருக்குச் சிரமம். கரும்பலகையில் எழுதும் வேலையை மாணவர்களிடம் தரலாம். வேறு சில மருந்துகளால் கால் மரத்துப்போகும். சூடோ முள்ளோ பட்டது தெரியாது. செருப்பை வகுப்பறைக்கு வெளியே விட வேண்டும் என்ற வழக்கத்தை அவருக்காகத் தளர்த்துவது நல்லது.

சில இலக்குசார் மருந்துகள் முகத்திலும் மார்பிலும் பருவைப் போன்ற தடிப்புகளை உண்டாக்கும். இவை சாதாரணப் பருக்கள் அல்ல. கடையில் கிடைக்கும் பருக் களிம்புகள் தோலை மேலும் வறட்டிவிடும். மருத்துவரிடம் காட்டினால் உரிய மருந்து கிடைக்கும்.

கதிர்வீச்சு பட்ட இடம்

கதிர்வீச்சு தரப்படும் இடத்துத் தோல் இரண்டு மூன்று வாரங்களில் சிவந்தோ கறுத்தோ மாறும். அரிக்கும், சில வேளை உரியும். சிகிச்சை முடிந்த பிறகும் ஓரிரு வாரங்கள் இது கூடிவிட்டுத்தான் குறையத் தொடங்கும். "முடிந்த பிறகும் மோசமாகிறதே" என்று வீட்டார் அஞ்சுவது இந்த நாட்களில்தான்.

மஞ்சள், சந்தனம், கற்றாழை, வேப்பிலை என்று நம் வீடுகளில் கைவசம் பல உண்டு. நல்லெண்ணத்தோடு சொல்லப்படுபவைதான். ஆனாலும் கதிர்வீச்சு பட்ட தோலில் சிகிச்சைக் குழுவைக் கேட்காமல் எதையும் பூசக்கூடாது. அங்கே ஒத்தடம், ஐஸ் கட்டி, பிளாஸ்திரி, பிளேடு ஆகியவை கூடாது. தொழில்நுட்பர் வரைந்த குறிக்கோடுகளை அழிக்கக்கூடாது. சட்டைக் காலரும் இறுக்கமான உள்ளாடையும் உரசாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சிகிச்சை பெற்ற இடத்தை வெயிலிலிருந்து காப்பது வாழ்நாள் முழுவதும் தேவைப்படும்.

மசாஜ், பார்லர், ஸ்பா

மசாஜ் செய்தால் புற்றுநோய் பரவும் என்ற அச்சம் பலரிடம் இருக்கிறது. மென்மையான மசாஜால் நோய் பரவுவதில்லை. அமெரிக்க மருத்துவப் புற்றுநோயியல் சங்கம் மற்றோர் அமைப்புடன் இணைந்து 2022-இல் வெளியிட்ட வலி மேலாண்மை வழிகாட்டுதல், நோய்த்தணிப்புச் சிகிச்சையில் இருப்பவர்களின் வலிக்கு மசாஜையும் துணை முறைகளில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது. கையையோ காலையோ இதமாகப் பிடித்துவிடுவது பலருக்கு உறக்கத்தையும் ஆறுதலையும் தரும்.

அழுத்தம்தான் ஆபத்து. கட்டி உள்ள இடம், அறுவைக் காயம், கதிர்வீச்சு பட்ட இடம் ஆகியவற்றைத் தொடாமல் விட வேண்டும். ரத்தத் தட்டணுக்கள் குறைந்திருந்தால் சிறு அழுத்தத்திலும் தோலுக்கடியில் ரத்தம் கட்டும். காலில் ரத்தக்கட்டி இருந்தால் பிடித்துவிடுவதால் அது நகரக்கூடும். நோய் எலும்புக்குப் பரவியிருந்தால், முதுகு வலிக்கிறது என்று சுளுக்கு எடுப்பவரிடம் போவது எலும்பு முறிவில் முடியலாம். ஆகவே, எந்த மசாஜுக்கும் முன்பு மருத்துவரின் ஒப்புதல் தேவை.

மார்பகப் புற்றுநோய் அறுவையில் அக்குளின் நிணநீர்க் கணுக்களை நீக்கியவர்களில் சிலருக்கு அந்தப் பக்கத்துக் கை வீங்கும். இது நிணநீர் வீக்கம். அந்தக் கையில் வரும் சிறு காயமும் தொற்றும்கூட வீக்கத்தைக் கூட்டும். இறுக்கமான வளையல், நகக்கண் வெட்டும் மெனிக்யூர், வாக்ஸிங், கனமான பை ஆகியவற்றை அந்தக் கைக்குத் தவிர்ப்பது நல்லது. வீக்கத்தைக் குறைக்கத் தனி மசாஜ் முறை உண்டு. அதைப் பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்ட்டிடம்தான் செய்துகொள்ள வேண்டும். விடைத்தாள் கட்டுகளைத் தூக்கும்போது "நான் எடுத்து வரேன் டீச்சர்" என்று உடன் பணிபுரிபவர் சொன்னால் அது பெரிய உதவி.

பார்லரில் நீராவி, பிளீச், உரிக்கும் ஃபேஷியல், ஹேர் டை ஆகியவற்றைச் சிகிச்சைக் காலத்தில் தள்ளிப்போட வேண்டும். வெள்ளணுக்கள் குறைந்த நாட்களில் கிருமி நீக்காத கருவியால் உண்டாகும் சிறு கீறலும் தொற்றுக்கு வழிவிடும். கறுப்பு மருதாணிக் கோன்களில் ஹேர் டையில் சேர்க்கும் வேதிப்பொருள் கலந்திருக்கலாம். அது கடும் ஒவ்வாமையை உண்டாக்கும். ஸ்பாக்களில் பயன்படுத்தும் வாசனை எண்ணெய்கள் குமட்டலைக் கூட்டலாம்.

இத்தனை தடைகளுக்கு நடுவில் செய்யக்கூடியவையும் இருக்கின்றன. அமெரிக்க அழகுசாதனத் துறையினரும் அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கமும் இணைந்து 1989-இல் ‘லுக் குட் ஃபீல் பெட்டர்’ என்ற இலவசத் திட்டத்தைத் தொடங்கினர். வறண்ட தோலைப் பேணுவது, உதிர்ந்த புருவத்தை வரைவது, தலைத்துணி கட்டுவது, விக் தேர்ந்தெடுப்பது ஆகியவற்றை நோயாளிகளுக்குக் கற்றுத் தருகின்றனர். பின்னர் அது பல நாடுகளுக்குப் பரவியது. கண்ணாடியில் தன் முகத்தைத் தானே அடையாளம் காண்பது வெளியே வரும் துணிவைத் தரும். எங்கள் ஆசிரியையும் புருவம் வரையக் கற்றுக்கொண்ட பிறகுதான் பணிக்குத் திரும்பும் நாளை முடிவு செய்தார்.

பள்ளியில் நாம் செய்ய வேண்டியவை

அடையாறு புற்றுநோய் நிலையத்தை டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-இல் தொடங்கிய காலத்தில் புற்றுநோய் என்றாலே முடிவு என்று பலரும் எண்ணினர். இன்று நிலைமை வேறு. குழந்தைகளிடம் அதிகம் காணப்படும் லிம்போபிளாஸ்டிக் ரத்தப் புற்றுநோயில், முறையான சிகிச்சை முழுமையாகக் கிடைத்தால் பெரும்பாலானோர் குணமடைகின்றனர். அந்தச் சிகிச்சை இரண்டு ஆண்டுகளுக்கு மேலும் நீளும். அதன் பிற்பகுதியில் மாத்திரை எடுத்துக்கொண்டே பல குழந்தைகள் பள்ளிக்கு வருகின்றனர். அவர்களுக்காக நாம் கவனிக்க வேண்டியவை:

• வகுப்பில் யாருக்காவது சின்னம்மையோ தட்டம்மையோ வந்தால் அன்றே பெற்றோருக்குத் தெரிவிக்க வேண்டும். நமக்குச் சாதாரணமான அம்மை இந்தக் குழந்தைக்கு உயிராபத்தாகலாம். சின்னம்மை கொப்புளம் தெரிவதற்கு ஓரிரு நாள் முன்பே பரவும் என்பதால், தடுப்பு மருந்து தர மருத்துவருக்குக் கிடைப்பது குறைந்த நாட்களே.

• உடல் சுட்டால் வெப்பநிலையைப் பாருங்கள். 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் அல்லது அதற்கு மேல் இருந்தால் மாத்திரை கொடுத்துப் படுக்கவைக்காமல் உடனே பெற்றோரை அழைத்து மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும்.

• காலை வழிபாட்டுக் கூட்டத்திலும் விளையாட்டு வேளையிலும் நிழலில் இடம் தர வேண்டும். விலக்கித் தனியே உட்காரவைக்க வேண்டாம். மதிப்பெண் எழுதுபவராக, நடுவராக ஆட்டத்தில் சேர்த்துக்கொள்ளலாம்.

• தொப்பி, தலைத்துணி, முழுக்கைச் சட்டை ஆகியவற்றைச் சீருடை விதிக்கு மாறானவை என்று கருத வேண்டாம். காரணத்தை மற்ற ஆசிரியர்களிடமும் முன்கூட்டியே சொல்லிவிட்டால் அந்தக் குழந்தை ஒவ்வொரு பாடவேளையிலும் விளக்கம் தர வேண்டியிருக்காது.

• புதிதாகத் தோன்றும் நீலத் தழும்பு, தடிப்பு, புண் ஆகியவற்றைக் கண்டால் பெற்றோரிடம் சொல்லுங்கள். மார்பில் மருந்து செலுத்தும் குழாய் இருந்தால் அதன் மேல் அடிபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வகுப்பில் சொல்லலாமா, எவ்வளவு சொல்லலாம் என்பதைக் குழந்தையிடமும் பெற்றோரிடமும் கேட்டே முடிவு செய்ய வேண்டும். அவர்கள் சம்மதித்தால் சில வாக்கியங்கள் போதும்: "உங்க நண்பனுக்கு உடம்பு சரியில்லாம இருந்துச்சு. அதுக்கு எடுத்துக்கிற மருந்தாலதான் முடி கொட்டியிருக்கு, மறுபடி வளரும். அவன்கிட்டேயிருந்து உங்களுக்கு எதுவும் ஒட்டாது. உங்க சளி, காய்ச்சல்தான் அவனுக்கு ஒட்டும். அதனால கையை நல்லாக் கழுவிட்டு அவன்கூட உட்காருங்க." கடைசி வாக்கியத்தை முக்கியமாகச் சொல்ல வேண்டும். தங்களால் அவனைக் காக்க முடியும் என்று தெரிந்தால், கை கழுவும் குழாயடிக்கு மாணவர்கள் தாமாகவே ஓடுவார்கள்.