கட்டணக் காட்சியிலிருந்து சந்தாவுக்கு... கலப்பு தற்காப்புக் கலையின் எதிர்காலம் என்ன?

புதுடெல்லி: ஒவ்வொரு போட்டிக்கும் தனிக்கட்டணம் வசூலித்து முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக வளர்ந்த கலப்பு தற்காப்புக் கலை (எம்எம்ஏ) விளையாட்டில், அமெரிக்காவின் முன்னணி நிறுவனம் அந்த முறையைக் கைவிட்டுள்ளது. இதனால் பார்வையாளர்கள் பெருகுவர் என எதிர்பார்க்கப்படுகிறது. எனினும், பெருகும் வருவாயில் கூண்டுக்குள் இறங்கும் வீரர்களுக்கு எவ்வளவு கிடைக்கும் என்பதே இந்த விளையாட்டின் எதிர்காலத்தைத் தீர்மானிக்கும் கேள்வியாக உருவெடுத்துள்ளது.

தடையிலிருந்து அரங்குக்கு

குத்துச்சண்டை, மல்யுத்தம், ஜூடோ, முய் தாய், பிரேசிலிய ஜியு-ஜிட்சு ஆகியவற்றின் உத்திகளை ஒரே போட்டியில் அனுமதிப்பது எம்எம்ஏ. இதன் மிகப்பெரிய நிறுவனமான யுஎஃப்சி, தனது முதல் போட்டியை 1993 நவம்பரில் அமெரிக்காவின் டென்வர் நகரில் நடத்தியது. அப்போது எடைப் பிரிவுகள் இல்லை. புள்ளி வழங்கும் நடுவர்களும் இல்லை.

இதை 'மனிதச் சேவல் சண்டை' எனச் சாடிய செனட்டர் ஜான் மெக்கெய்ன், மாகாணங்கள் தடை விதிக்க வேண்டும் என வலியுறுத்தினார். நியூயார்க் மாகாணம் 1997-ல் விதித்த தடை 2016-ல்தான் நீங்கியது.

இடைப்பட்ட காலத்தில் எடைப் பிரிவுகள், ஐந்து நிமிடச் சுற்றுகள், தடை செய்யப்பட்ட தாக்குதல்கள் ஆகியவற்றை வரையறுக்கும் பொது விதிகள் நடைமுறைக்கு வந்தன. விதிகள் வந்த பிறகே தொலைக்காட்சி நிறுவனங்களும் விளம்பரதாரர்களும் இந்த விளையாட்டை நெருங்கினர். 2001-ல் 20 லட்சம் டாலருக்கு விற்கப்பட்ட யுஎஃப்சி, 2016-ல் சுமார் 400 கோடி டாலருக்குக் கைமாறியது.

புதிய ஒப்பந்தம் சொல்வது என்ன?

யுஎஃப்சியின் தாய் நிறுவனமான டிகேஓ குழுமம், 2025 ஆகஸ்டில் பாரமவுண்ட் நிறுவனத்துடன் 770 கோடி டாலர் மதிப்பிலான ஏழாண்டு ஒளிபரப்பு ஒப்பந்தத்தை அறிவித்தது. ஆண்டுக்குச் சராசரியாக 110 கோடி டாலர் என்பது இதன் கணக்கு. 2026 முதல் அமெரிக்காவில் ஆண்டுக்கு 13 முதன்மைப் போட்டிகளும் 30 சிறு போட்டித் தொகுப்புகளும் பாரமவுண்ட் பிளஸ் தளத்தில் இடம்பெறும் என்றும், சில போட்டிகள் சிபிஎஸ் தொலைக்காட்சியிலும் ஒளிபரப்பாகும் என்றும் அறிவிக்கப்பட்டது.

அதற்கு முன்பு அமெரிக்க ரசிகர் ஒருவர் ஒரு முதன்மைப் போட்டியைக் காண சந்தாவுடன் கூடுதலாகச் சுமார் 80 டாலர் செலுத்த வேண்டியிருந்தது. 2018-ல் கபீப் நுர்மகமதோவ் - கானர் மெக்ரிகர் மோதலைச் சுமார் 24 லட்சம் பேர் கட்டணம் செலுத்தி வாங்கினர். ஆனால் அத்தகைய நட்சத்திர மோதல்கள் அரிது. நட்சத்திரம் இல்லாத மாதங்களிலும் நிலையான வருவாய் கிடைப்பதே சந்தா முறையின் பலம்.

ஜப்பான் தரும் பாடம்

ஒளிபரப்பை மட்டுமே நம்பியிருப்பதில் ஆபத்தும் உண்டு. ஜப்பானின் பிரைடு அமைப்பு ஒரு காலத்தில் பெரும் அரங்குகளை நிரப்பி, யுஎஃப்சிக்கு இணையாக விளங்கியது. குற்றக் கும்பல்களுடன் தொடர்பு இருப்பதாக எழுந்த சர்ச்சைக்கிடையே, 2006-ல் ஃபுஜி தொலைக்காட்சி தனது ஒப்பந்தத்தை ரத்து செய்தது. அடுத்த ஆண்டே பிரைடு, யுஎஃப்சி உரிமையாளர்களிடம் விற்கப்பட்டது. ரசிகர்கள் இருந்தும் நம்பகத்தன்மை குலைந்ததால் ஒரு பெரும் அமைப்பு வீழ்ந்தது.

வீரர்களின் பங்கு

தற்போதைய சர்ச்சை ஊதியம் பற்றியது. அமெரிக்காவின் கூடைப்பந்து, கால்பந்து லீக்குகளில் வருவாயில் ஏறத்தாழ பாதி வீரர்களைச் சென்றடைகிறது. யுஎஃப்சியில் அந்தப் பங்கு ஐந்தில் ஒன்றுக்கும் குறைவாக இருந்ததாக நீதிமன்ற ஆவணங்கள் காட்டின. சந்தை ஆதிக்கத்தைப் பயன்படுத்தி ஊதியத்தைக் குறைத்ததாக முன்னாள் வீரர்கள் தொடர்ந்த வழக்கில், 37.5 கோடி டாலர் சமரசத் தொகைக்கு 2025 பிப்ரவரியில் நீதிமன்றம் இறுதி ஒப்புதல் அளித்தது.

கட்டணக் காட்சி விற்பனையில் சாம்பியன்களுக்குக் கிடைத்துவந்த பங்கும் புதிய முறையில் பொருளற்றதாகிறது. குத்துச்சண்டை வீரர்களைப் பாதுகாக்க 2000-ல் இயற்றப்பட்ட முகமது அலி சட்டம் எம்எம்ஏவுக்குப் பொருந்தாது. வீரர்களுக்கென வலுவான தொழிற்சங்கமும் இல்லை. தலையில் அடிபடும் ஆபத்து நிறைந்த, குறுகிய ஆயுள் கொண்ட இத்தொழிலில் வருமானம் போதாவிட்டால் திறமையாளர்கள் குத்துச்சண்டை போன்ற பிற களங்களை நாடுவர். தரம் குறைந்தால் பார்வையாளரும் விலகுவர்.

இந்தியாவில் நிலை

அமெரிக்காவின் சனிக்கிழமை இரவுப் போட்டிகள் இந்தியாவில் ஞாயிறு காலையில் ஒளிபரப்பாகின்றன. ஆனால் ரசிகர்களை ஈர்க்க உள்நாட்டு முகங்கள் தேவை. 2012-ல் தொடங்கிய சூப்பர் ஃபைட் லீக் நிலைக்கவில்லை. 2017-ல் பாரத் கண்டாரே யுஎஃப்சியில் களமிறங்கினார். உத்தராகண்டின் அன்ஷுல் ஜுப்லி 2023-ல் ஆசிய வீரர்களுக்கான தேர்வுத் தொடரை வென்று ஒப்பந்தம் பெற்றார். 2024 ஜூனில் உத்தரப் பிரதேசத்தின் பூஜா தோமர், யுஎஃப்சியில் வென்ற முதல் இந்தியப் பெண் என்ற பெருமையைப் பெற்றார்.

பூஜா வூஷுவிலிருந்து வந்தவர். ஒன் சாம்பியன்ஷிப்பில் மோதிய ரித்து போகத் மல்யுத்தத்திலிருந்து வந்தவர். மல்யுத்தத்திலும் குத்துச்சண்டையிலும் பதக்கம் வெல்வோருக்கு ரயில்வே உள்ளிட்ட துறைகளில் வேலைவாய்ப்பு உண்டு. அந்தப் பாதுகாப்பை விட்டுவிட்டுக் கூண்டுக்குள் நுழைவது எளிய முடிவல்ல.

அடுத்தது என்ன?

ஜப்பானின் ஐச்சி-நகோயாவில் 2026-ல் நடைபெறும் ஆசிய விளையாட்டுப் போட்டியில் எம்எம்ஏ முதன்முறையாகப் பதக்க விளையாட்டாகச் சேர்க்கப்பட்டுள்ளது. பதக்கம் என்ற அங்கீகாரம் கிடைத்தால் அரசு ஆதரவுக்கும் முறையான மருத்துவக் கண்காணிப்புக்கும் வழி பிறக்கலாம். பார்வையாளரைத் திரட்டும் கலையை இந்த விளையாட்டு கற்றுவிட்டது. அவர்கள் காண வரும் வீரர்களைக் காப்பதே இனி அதன் முன் உள்ள சவால்.