இரும்புக் கையும் றப்பர்க் காலும்

தமிழ் வாசகருக்குப் பாதி மனிதன், பாதி இயந்திரம் என்ற ஆளை முதலில் பழக்கிவிட்டது யப்பான் அல்ல, சிவகாசி. 1972இல் வந்த முத்து காமிக்ஸின் முதல் இதழ் ‘இரும்புக்கை மாயாவி’. ஆய்வுகூட உதவியாளன் லூயிஸ் கிராண்டேல் விபத்தில் வலக்கையை இழந்து உருக்குக் கை பூட்டிக்கொள்கிறான். மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறைந்துவிடும், கை மட்டும் தெரியும். ஆங்கிலத்தில் 1962இல் ‘வேலியன்ட்’ வார இதழில் தொடங்கிய கதை அது. ஒரு தலைமுறையே அதைத் தாள் கிழியும்வரை கைமாற்றிப் படித்தது. ஆனால் அந்தக் கையின் மூட்டு இறுகிப்போனால் யாரிடம் கொண்டுபோவான், கழன்ற திருகாணிக்கு மாற்று எங்கே வாங்குவான் என்று ஒரு கட்டத்திலும் வந்ததில்லை. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் யாழ்ப்பாணக் குடாநாட்டில் அச்சுவேலிப் பக்கம் வளர்ந்த எவருக்கும் முதலில் வந்திருக்க வேண்டிய கேள்வி அதுதான்.

யப்பானியரின் மங்கா சித்திரக்கதைகள் இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் கிட்ட வந்தன. 1989இல் மசமுனே ஷிரோ ‘கோஸ்ட் இன் த ஷெல்’ வரையத் தொடங்கினார். அதன் நாயகி மோட்டோகோ குசனகிக்கு மூளை மட்டும் சொந்தம், மீதி உடம்பு தொழிற்சாலைச் சரக்கு. அடுத்த ஆண்டு யுகிட்டோ கிஷிரோவின் ‘கன்ம்’ வந்தது. ஆங்கில வாசகருக்கு அதை ‘பேட்டில் ஏஞ்சல் அலிட்டா’ என்றால்தான் தெரியும். மனிதனும் இயந்திரமும் கலந்த எதிர்காலத்தைச் சொல்லும் சைபர்பங்க் வகை என்றால் இந்த இரண்டும், இவற்றுக்கு முன்னோடியான கட்சுஹிரோ ஒட்டோமோவின் ‘அகிரா’வும்தான் எல்லாப் பட்டியலிலும் வரும். மனிதன் எங்கே முடிகிறான், இயந்திரம் எங்கே தொடங்குகிறது என்று இவை கேட்பதாக விமர்சகர்கள் எழுதி எழுதி அலுத்துவிட்டார்கள். எனக்கு அந்த எல்லைக்கோட்டில் அவ்வளவு அக்கறை இல்லை. அந்த உடம்பைப் பழுதுபார்ப்பவர் யார், அது பழுதானால் உரிமை கொண்டாடுபவர் யார் என்பதுதான் இந்தக் கதைகளில் என்னைப் பிடித்திழுத்த இடம்.

‘கன்ம்’ தொடராக வந்தது 1990 முதல் 1995 வரை. அதே ஐந்து ஆண்டுகள் குடாநாட்டில் எப்படிப் போயின என்று அச்சுவேலிச் சந்தையில் ஐம்பது வயதைத் தாண்டிய யாரையும் கேட்கலாம். 1990 ஜூனில் சண்டை திரும்பத் தொடங்கியதோடு மின்சாரம் போனது. எரிபொருள், பற்றறி, சீமெந்து, உரம் என்று தடைப்பட்ட பொருட்களின் பட்டியல் நீண்டது. கொஞ்சம் பெற்றோல் விட்டு இயக்கி, பிறகு மண்ணெண்ணெயில் ஓடிய மோட்டார் சைக்கிள்கள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைச் சுற்றி டைனமோவில் கேட்ட வானொலி. படிக்கிற பிள்ளைக்கு ஜாம் போத்தல் விளக்கு. புதிதாக எதுவும் வராது, ஆகவே எதையும் எறியவும் முடியாது.

கிஷிரோ வரைந்த நகரமும் அப்படித்தான். மேலே தொங்குகிற பணக்கார நகரம் கொட்டும் குப்பையின் மேல் கீழ்நகரம் வாழ்கிறது. அந்தக் குப்பைமேட்டில் ஒரு பெண்ணின் தலையும் நெஞ்சும் மட்டும் கிடக்கக் கண்டு எடுத்துவருகிறார் இடோ என்ற வைத்தியர். கிடைத்த உறுப்புகளைப் பூட்டி அவளை எழுப்புகிறார். மேற்கத்தைய வாசகருக்கு இடோ ஒரு விஞ்ஞானி. நமக்கு அவர் சந்திக்குச் சந்தி இருந்த கராஜ்காரர்: பழைய ஒஸ்ரினை உரித்து மொறிஸ் மைனருக்கு உயிர் கொடுத்தவர். அதே நகரத்தில் யூகோ என்றொரு பையன், மேல்நகரம் போகப் பணம் சேர்ப்பதற்காக மற்றவர்களின் இயந்திர முதுகெலும்புகளைத் திருடி விற்கிறான். உறுப்புக்குச் சந்தை விலை வந்துவிட்டால் அதைத் திருடவும் ஆள் வரும் என்பதைக் கிஷிரோ தயங்காமல் வரைந்தார். ஷிரோவின் கதைக்குத்தான் உலகப் புகழ். ஆனால் அதன் தத்துவப் பேச்சைவிட ‘கன்ம்’மின் எண்ணெய்ப் பிசுக்கு எனக்கு நெருக்கம்.

ஷிரோவின் கதையை மாமோரு ஒஷீ திரைப்படமாக்கினார். அது யப்பானில் திரைக்கு வந்தது 1995 நவம்பரில். அதற்குச் சில வாரங்களுக்கு முன், ஒக்டோபர் 30ஆம் திகதி, வலிகாமம் முழுதும் ஒரே இரவில் தென்மராட்சி நோக்கி நடந்தது. அரச படையினரின் நகர்வு அச்சுவேலி, புத்தூர், நீர்வேலி வழியாக வந்தபடியால் இந்தப் பக்கத்துச் சனம் அதற்கும் முன்பே ஊரை விட்டிருந்தது. அந்தப் படத்தில் ஓர் இடம். குசனகியும் அவளுடைய சகா பட்டோவும் பேசிக்கொள்கிறார்கள்: வேலையை விடலாம், ஆனால் விட்டால் அரசாங்கம் பூட்டிய உடம்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத்தான் போகவேண்டும். படத்தில் அது போகிற போக்கில் வரும் பேச்சு. என் கணக்கில் படத்தின் மொத்தப் பயங்கரமும் அதற்குள் இருக்கிறது.

இனி நம்மூர்ப் பொய்க்காலுக்கு வருவோம்.

யாழ்ப்பாணத்தில் ஜெய்ப்பூர் கால் செய்யும் நிலையம் 1987இல் தொடங்கியது. அந்தக் கால் பிறந்த இடம் ராஜஸ்தான். அறுபதுகளின் இறுதியில் ஜெய்ப்பூர் சவாய் மான்சிங் மருத்துவமனையில் எலும்பு வைத்திய நிபுணர் பி.கே. சேத்தியும், ராம்சந்திர சர்மா என்ற கைவினைஞரும் சேர்ந்து செய்தது. வெளிநாட்டுக் கால்களுக்குச் சப்பாத்து வேண்டும், நாற்காலி வேண்டும். கணுக்கால் மடியாது. குந்த முடியாது, சம்மணம் கட்ட முடியாது, சேற்றில் இறங்கினால் கெட்டுப்போகும். சப்பாத்துப் போடாத, நிலத்தில் இருந்து சாப்பிடும் நாட்டில் அதைக் கழற்றி மூலையில் வைத்துவிட்டுக் கம்பை ஊன்றினார்கள் சனங்கள். சேத்தியும் சர்மாவும் ரயர் ரீட்றெட் செய்கிறவர்களின் வேலையைப் பார்த்து, அச்சில் வைத்து அவித்தெடுத்த றப்பரில் பாதம் செய்தார்கள். உள்ளே மரமும் பஞ்சு றப்பரும், வெளியே தோல் நிறத்தில் தடித்த றப்பர். வெறுங்காலோடு நடக்கலாம், வயலில் இறங்கலாம், மரம் ஏறலாம். சேத்திக்கு 1981இல் மக்சேசே விருது கிடைத்தது. நடனக்காரி சுதா சந்திரன் 1984இல் திரும்ப மேடையேறியது இந்தக் காலோடுதான். சர்மாவின் பெயரை அவ்வளவு பேர் சொல்வதில்லை.

2001இல் தொடங்கிய ஹிரோமு அரகாவாவின் ‘ஃபுல்மெட்டல் அல்கெமிஸ்ட்’ சைபர்பங்க் வகையில் சேராது, ஆனால் இந்த விடயத்தில் மற்ற எல்லாவற்றையும்விட உண்மையானது. அதில் எட்வர்ட் என்ற பையனுக்கு ஒரு கையும் ஒரு காலும் இரும்பு. அடிக்கடி உடைத்துக்கொண்டு வருவான். செய்துகொடுத்த வின்றி என்ற பெண் ஏசி ஏசித் திருத்துவாள். வடக்கின் பனிக்குள் போனபோது அந்த இரும்பு குளிரில் அவன் தசையையே கெடுக்கும் என்று வேறு உலோகத்தில் மாற்றிப் பூட்டவேண்டி வருகிறது. ஊருக்கும் காலநிலைக்கும் ஏற்ப உறுப்பு மாறவேண்டும் என்று ஜெய்ப்பூரில் கண்டதை அரகாவாவும் கண்டிருக்கிறார்.

பொய்க்கால் ஒருதரம் போட்டால் முடிகிற காரியமில்லை. எஞ்சிய காலுக்குச் சாந்துக்கட்டுப் போட்டு அச்செடுத்து, அந்த அச்சின்மேல் சூடாக்கிய பொலிபுறொப்பிலீன் தகட்டைப் போர்த்திக் காற்றை உறிஞ்சிக் கிண்ணம் செய்கிறார்கள். முன்பு அலுமினியத் தகடு. செஞ்சிலுவைச் சங்கம் வளர்த்தெடுத்த இந்த முறை இப்போது போர் நடந்த பல நாடுகளில் பரவியிருக்கிறது. பிறகு இரண்டு கம்பிகளுக்கு நடுவே நடைப்பயிற்சி. முதல் சில மாதங்களில் எஞ்சிய கால் வற்றிச் சிறுக்கும்; கிண்ணம் தளரும், உரசும், புண்ணாகும், திரும்ப அச்செடுக்கவேண்டும். பெரியவருக்குச் சில வருடங்களுக்கு ஒருதரம், வளரும் பிள்ளைக்கு ஏறக்குறைய வருடாவருடம் புதுக்கால். அச்சுவேலியிலிருந்து பஸ் ஏறி நகரத்துக்குப் போய்த் திரும்பினால் தோட்டக்கூலி ஒரு நாள் போய்விடும் என்பதும் இந்த இயந்திரத்தின் பராமரிப்புச் செலவில் சேர்த்தி. மங்காக்காரர்கள் இந்தக் கணக்கை வரைவதில்லை.

நோ இன்னொரு கணக்கு. ஷிரோவின் கதையில் உடம்பு முழுதும் மாறியும் உள்ளே இருப்பது மாறவில்லை. மிதிவெடியில் கால் போனவருக்கு நடப்பது மறுபக்கம்: கால் இல்லை, காலின் நோ இருக்கிறது. இல்லாத பெருவிரல் கடுக்கும், இல்லாத பாதம் எரியும். தமிழ்நாட்டில் பிறந்த நரம்பியலாளர் வி.எஸ். ராமச்சந்திரன் தொண்ணூறுகளில் கலிபோர்னியாவில் இதற்கு ஒரு பெட்டியையும் நிலைக்கண்ணாடியையும் வைத்து மருந்து தேடினார். இருக்கிற உறுப்பின் பிம்பம் இல்லாத உறுப்பின் இடத்தில் தெரியும்போது மூளை ஏமாந்து, சிலருக்கு நோ குறைந்தது. எந்தச் சைபர்பங்க் கதையிலும் வராத அளவுக்கு மலிவான தொழில்நுட்பம்.

விலையுயர்ந்த தொழில்நுட்பத்தின் கதை வேறு. அமெரிக்க நிறுவனமான செக்கண்ட் சைற், பார்வையிழந்தோர் கண்ணுக்குள் பொருத்தும் ‘ஆர்கஸ் 2’ கருவியை விற்றது. உலகெங்கும் 350க்கு மேற்பட்டோர் பொருத்திக்கொண்டார்கள். 2019இல் நிறுவனம் அந்தக் கருவியைக் கைவிட்டது, அடுத்த வருடம் வங்குரோத்தின் விளிம்புக்குப் போனது. கண்ணுக்குள் கருவி இருக்கிறது; உதிரிப்பாகம் இல்லை, கேட்க ஆளில்லை. குசனகியிடம் உடம்பைத் திருப்பிக் கேட்பார்கள். இவர்களிடம் திருப்பிக் கேட்கக்கூட ஒருவரும் இல்லை. மின்னணு மூட்டு, மின்னேற்றும் கணுக்கால் என்று யாராவது தானம் கொண்டுவந்தால் நாம் முதலில் கேட்கவேண்டியது பற்றறி எங்கே கிடைக்கும், யார் திருத்துவார் என்பதுதான். றப்பர்ப் பாதம் தேய்ந்தால் யாழ்ப்பாணத்திலேயே மாற்றலாம்.

அச்சுவேலிக்கு வடக்கே படையினர் வசமிருந்த வளலாய்க் காணிகள் 2015இல் சனத்திடம் திரும்பி வந்தன. போரில் இரண்டு தரப்பும் புதைத்த மிதிவெடிகளைத் தோண்டியெடுக்கும் வேலை வடக்கில் இன்னும் முடியவில்லை. மிதிவெடித் தடை உடன்படிக்கையில் இலங்கை சேர்ந்ததே 2017 டிசம்பரில்தான். ஆனால் கால் செய்யும் பட்டறைக்கு இனி வருகிறவர்கள் பெரும்பாலும் வெடியில் கால் போனவர்களாக இருக்கப்போவதில்லை. உலகெங்கும் கால் அகற்றலுக்கு முதன்மைக் காரணங்களில் ஒன்று நீரிழிவு, யாழ்ப்பாணமும் விலக்கில்லை. சிறு புண், மரத்துப்போன பாதம், தாமதமாகப் போன ஆஸ்பத்திரி. அறுபது வயதில், இன்னொரு காலும் பலமில்லாமல், புண் ஆறாத தோலோடு வருகிறவருக்கு இருபது வயதுப் பெடியனுக்குச் செய்த கால் சரிவராது. இன்னும் பாரம் குறைந்த, இன்னும் மிருதுவான கிண்ணத்தை அந்தப் பட்டறைகள் இப்போதே செய்யத் தொடங்கவேண்டும்.