கடக்காலுக்கு அடியில் ஓடும் தண்ணீர்

ஜேடர்பாளையத்தில் என் பெரியப்பா வீட்டில் ஒரு விரிசல் இருந்தது. பின்பக்க ஜன்னலின் மேல்மூலையில் தொடங்கி, செங்கல் செங்கலாகப் படியேறிக் கூரைவரை போயிருந்தது. கீழே மயிரிழைதான், மேலே போகப்போக அகன்று, ஒரு ரூபாய் நாணயம் நுழையும் அளவு வாய் திறந்திருந்தது. நாலு வருஷத்தில் மூன்று முறை சிமெண்ட் வைத்துப் பூசினார். மூன்று முறையும் அதே இடத்தில் வெடித்தது.

பிறகு வந்த வயதான மேஸ்திரி சுவரைத் தொடவே இல்லை. நேரே கொல்லைக்குப் போனார். குளியலறைத் தண்ணீர் சுவரை ஒட்டியே வாழைக்குப் பாய்ந்துகொண்டிருந்தது. கடப்பாரையைக் குத்தினார், பாதி அதன் பாட்டுக்கு இறங்கியது. "சுவத்துல ஒண்ணும் இல்லீங்க. நோவு கீழ இருக்குதுங்க" என்றார்.

காவிரிப் படுகை அணையில் ராஜவாய்க்கால் பிரியும் ஊர் இது. அல்லாள இளைய நாயக்கர் வெட்டுவித்த அந்த வாய்க்காலால்தான் இங்கே கரும்பும் வாழையும் வெற்றிலையும் செழிக்கின்றன. பழைய வீடுகள் நத்தத்து மேட்டில் நின்றன. இப்போது வயலை மேடாக்கி மனை போடுகிறோம். கொட்டிய மண் இறுகச் சில வருஷம் பிடிக்கும் என்பதை யாரும் பொறுத்திருந்து பார்ப்பதில்லை. அடியில் களிமண் இருந்தால் இன்னும் சிக்கல்: நனைந்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். வீட்டின் ஒரு மூலை மட்டும் நனைந்தோ காய்ந்தோ போனால், அந்த மூலை மட்டும் அசையும். வீடு முழுக்கச் சமமாக இறங்கினால் சுவர் தாங்கிக்கொள்ளும். ஒரு பக்கம் இறங்கும்போதுதான் கிழிகிறது.

மேஸ்திரி முதலில் தண்ணீரைக் குழாய் போட்டுத் தள்ளி விட்டார். அப்புறம் விரிசலின் குறுக்கே ஒரு சின்னக் கண்ணாடித் துண்டைச் சிமெண்ட் பொட்டு வைத்து ஒட்டி, பக்கத்தில் பென்சிலால் தேதி எழுதினார். கண்ணாடி உடைந்தால் மூலை இன்னும் இறங்குகிறது என்று அர்த்தம். ஒரு மழையும் ஒரு கோடையும் காத்திருக்கச் சொன்னார். ஐப்பசியிலேயே உடைந்தது.

அதன் பிறகே தோண்டினார்கள். இதில்தான் உயிர் இருக்கிறது: ஒரு பக்கக் கடக்காலை மொத்தமாகத் தோண்டினால் சுவர் தலையில் விழும். சுமார் ஒரு மீட்டர் அகலத்துக்கு ஒரு குழி, கெட்டி மண் வரை. அதில் கான்கிரீட். பழைய கல்லுக்கும் புதிய கான்கிரீட்டுக்கும் நடுவே இரண்டு மூன்று அங்குலம் விட்டு, கான்கிரீட் இறுகியதும் அந்த இடுக்கில் ஈரம் குறைந்த கலவையை இடித்து இடித்து அடைக்க வேண்டும். பக்கத்துக் குழியை உடனே தொடக்கூடாது. தள்ளியிருப்பதைத்தான் அடுத்துத் தோண்ட வேண்டும்.

இங்கிலாந்தின் வின்செஸ்டர் பேராலயம் தப்பியதும் இப்படிக் குழி குழியாகத்தான். தண்ணீர் ஊறிய மண்ணில் அது சாய்ந்தபோது, வில்லியம் வாக்கர் என்ற முக்குளிப்பவர் 1906 முதல் 1911 வரை, கலங்கிய நீருக்குள் கைத்தடவலிலேயே, சுமார் 235 குழிகளில் கான்கிரீட் மூட்டைகளை அடுக்கினார்.

கெட்டி மண் எட்டாத கரிசல் பூமியில் வேறு வழி உண்டு. ரூர்க்கி மத்திய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வளர்த்தெடுத்த குமிழ்த் தூண்கள் அவை. தூணின் அடியில் அதன் விட்டத்தைப்போல் இரண்டரை மடங்கு குமிழ். ஆழம் சுமார் 3.5 மீட்டர். அந்த ஆழத்தில் மழையும் வெயிலும் மண்ணின் ஈரத்தை அதிகம் மாற்றுவதில்லை. புது வீடு கட்டுகிறவர்கள் இதை முன்னாலேயே பொறியாளரிடம் கேட்டுவிடுங்கள். கட்டிய பின் செய்தால் செலவு பல மடங்கு.

பெரியப்பா வீட்டில் விரிசலைக் கீறி, கம்பி வைத்துத் தைத்து, கடைசியாகத்தான் பூசினார்கள். பூச்சின் மேல் மறுபடி ஒரு கண்ணாடித் துண்டு. இரண்டு ஐப்பசி தாண்டியும் அது முழுசாக இருக்கிறது. பொங்கலுக்கு வெள்ளையடிக்க வந்தவரிடம், அந்த இடத்தை மட்டும் தொடவேண்டாம் என்று பெரியம்மா சொல்லிவிட்டார்.