நெற்பெயர்களும் உழவர்தம் பருவ அறிவும்

தொல்காப்பியர் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றார். இலக்கியத்திற்கு வகுத்த அப்பாகுபாடு உழவிற்கும் பொருந்தும். எந்நிலத்தில், எப்பொழுது, எவ்விதையை இடுவது என்பதே உழவரின் முதல் வினா. பருவநிலை மாறிவரும் இந்நாளில், காவிரிப் படுகையின் சிறு உழவர் அவ்வினாவிற்கு விடை காணும் முறையையும், நெற்பெயர்கள் அதற்குத் துணைநிற்குமாற்றையும் ஈண்டு ஆராய்வோம்.

மேட்டூர் அணையைச் சூன் 12-ஆம் நாள் திறப்பது நெடுநாள் வழக்கம். 2012 முதல் 2019 வரை எட்டு ஆண்டுகளும் அந்நாளில் அணை திறக்கப்படவில்லை. 2016-இல் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் இயல்பினும் 62 விழுக்காடு குறைந்தது. 2018 நவம்பரில் கசா புயல் கடலோர வட்டாரத்தைத் தாக்கியது. இவை அனைத்தும் பருவநிலை மாற்றத்தின் விளைவே எனத் துணிதல் பொருந்தாது. அணை திறப்பு ஆற்றுநீர்ப் பங்கீட்டையும் சார்ந்ததாகும். எனினும், காலம் கணித்து விதைத்தல் அரிதாயிற்று என்பது தெளிவு. நீர் பிந்தும் ஆண்டில் நாற்றங்காலுக்குக் காத்திராது, உலர்ந்த நிலத்தை உழுது புழுதியில் நேரே விதைத்து மழையை எதிர்நோக்குவது ஒரு வழி. காலத்திற்கும் நிலத்திற்கும் ஏற்ற விதையைத் தேர்வது மற்றொன்று.

இத்தேர்விற்குப் பெயர்களே குறிப்பாக அமைகின்றன. பருவப் பெயர்களுள் குறுவை குறுகிய காலப் பயிரையும், தாளடி முன்பயிர் அறுத்த தாள் நின்ற நிலத்தில் இடும் பின்பயிரையும் உணர்த்தும். அறுபதாம் குறுவையில் விளையும் நாளளவே பெயராயிற்று. களர்ப்பாலையில் அடைமொழி நிலத்தைச் சுட்டுகின்றது. உப்பேறிய மண்ணைத் தாங்குவது அந்நெல். மடுமுழுங்கியில் மடு என்பது ஆழ்ந்த நீர்நிலை. நீர் தேங்கும் பள்ளத்திற்கு ஏற்றது அது. உழவர் ஒருவரே மேட்டில் ஒன்றும் பள்ளத்தில் மற்றொன்றும் விதைப்பாராயின், வறட்சியோ வெள்ளமோ இரண்டையும் ஒருங்கே அழித்தல் அரிது. சிறு நிலமுடையார்க்கு இடரைப் பகுத்து வைக்கும் இம்முறை பெருங்காப்பாகும்.

எனினும், எல்லாப் பெயர்களும் இவ்வாறு நிலத்தையும் காலத்தையும் உணர்த்துவன அல்ல. சீரகச் சம்பா மணியின் வடிவால் பெற்ற பெயர். காட்டுயானத்தை யானை மறையும் உயரத்தோடு இயைத்துக் கூறுவது மக்கள் வழக்கு. அதனைச் சொற்பிறப்பாகக் கொள்ளுதல் இயலாது. ஆதலின் பெயரை ஆய்வின் தொடக்கமாகவே யாம் கொள்கின்றோம். அதனை வயல் மெய்ப்பித்தல் வேண்டும்.

1966-இல் ஐ.ஆர். 8 வெளிவந்தபின், எழுத்தும் எண்ணும் கொண்ட பெயர்களையுடைய நெல்வகைகள் வயல்களில் பெருகின. அவை விளைச்சலை உயர்த்தின என்பதை மறுத்தற்கில்லை. ஆயின், அப்பெயர்களால் நிலமும் நீரும் அறியப்படா. நாட்டு நெல்லும் புது நெல்லும் ஒன்றற்கொன்று பகையல்ல என்பதற்கு ஒரு சான்று காட்டலாம். 2009-இல் இந்தியாவில் வெளியிடப்பெற்ற சுவர்ணா சப் 1 ஏறத்தாழ இரு வாரம் நீரில் மூழ்கியிருந்தும் பிழைக்க வல்லது. அவ்வாற்றல் ஒடிசாவின் நாட்டு நெல் ஒன்றன் வழியே வந்ததாகும். அந்நெல் பேணப்படாது அழிந்திருப்பின், அவ்வாற்றலும் உடன் மறைந்திருக்கும்.

ஆகவே, நெற்பெயர்களைத் தொகுக்கும் ஆய்வாளர் பெயரை மட்டும் எழுதிவைத்தல் போதாது. விளையும் நாள், ஏற்ற மண், தாங்கும் நீரளவு, வழங்கும் ஊர் ஆகியவற்றையும் உழவரிடம் கேட்டுப் பதிதல் வேண்டும். அவை நீங்கிய பெயர் அகராதியில் சொல்லாக நிற்கும், வயலுக்கு உதவாது.